கையில் பணம் குறைவு. லிஃப்ட் கேட்டும், முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் தங்கியும் பல நாடுகளைச் சுற்ற முடியுமா? எப்படித் தொடங்குவது?

முடியும். ஆனால் இரண்டு இரவு விடுதியில் தங்கவும் ஒரு பேருந்து டிக்கெட் எடுக்கவும் போதுமான பணத்தை முதல் நாளிலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள். அது கையில் இல்லாதவர்தான் இருட்டிய பிறகு மனம் ஒப்பாத காரில் ஏறுகிறார், ஏதோ சரியில்லை என்று தோன்றிய வீட்டிலேயே படுக்கிறார். 'வேண்டாம்' என்று சொல்லும் தெம்பு அந்தப் பணத்திலிருந்துதான் வரும்.

மற்றபடி இதில் தேர்ச்சி என்பது ஒன்றுதான்: வீட்டுக்காரரோ ஓட்டுநரோ, உங்களைப் பற்றி முடிவெடுக்கத் தேவையானதை அவர் கேட்கும் முன்பே அவர் கண்ணில் படும்படி வைப்பது. வீட்டுக்காரருக்கு ஒரு நிமிடம் இருக்கிறது. ஓட்டுநருக்குச் சில விநாடிகள்தான்.

தங்க இடம் தருபவர்களைக் காட்டும் இணையதளங்களில் அதிகம் பேர் அறிந்தது 2004-இல் தொடங்கிய கௌச்சர்ஃபிங். 2020 முதல் பெரும்பாலான நாடுகளில் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். பீவெல்கம், டிரஸ்ட்ரூட்ஸ் இரண்டும் லாப நோக்கமற்றவை, கட்டணம் இல்லை. சைக்கிளில் நெடும்பயணம் போகிறவர்களுக்கு வார்ம்ஷவர்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு. இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1949-இல் டென்மார்க்கில் அமைதி இயக்கமாகத் தொடங்கிய சர்வாஸ். அதில் சேர நேர்காணல் உண்டு, வழக்கமாக இரண்டு இரவு தங்கலாம். எந்தத் தளமானாலும் உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். வீட்டுக்காரர் கடைசியாக எப்போது தளத்துக்குள் வந்தார் என்று பாருங்கள். ஓராண்டாக எட்டிப்பார்க்காதவருக்கு எழுதுவது வீண்.

எழுதுவதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். 'உங்கள் ஊருக்கு வருகிறேன், இடம் கிடைக்குமா?' என்று ஒரே வரியை இருபது பேருக்கு ஒட்டி அனுப்பினால் இருபது பேருக்கும் அது தெரிந்துவிடும். சில வீட்டுக்காரர்கள் தளத்தில் உள்ள தங்கள் அறிமுகப் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லை ஒளித்துவைத்து, 'எனக்கு எழுதும்போது இதையும் எழுதுங்கள்' என்று கேட்டிருப்பார்கள். அது இல்லாத செய்திக்குப் பதில்கூடப் போடுவதில்லை. நல்ல செய்தி இப்படி இருக்கும்: 'செவ்வாய் மாலை ஆறு மணிக்குள் வருவேன், வியாழன் காலை கிளம்பிவிடுவேன். ஒருவன்தான். தூங்கும் பை இருக்கிறது, தரையே போதும். நீங்கள் வீட்டிலேயே ரொட்டி சுடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மாவு சரியாகப் புளித்து வருவதே இல்லை, கூட நின்று பார்க்க ஆசை. அந்த நாள் தோதுப்படாவிட்டால் ஒரு மாலை தேநீருக்குச் சந்தித்தாலும் மகிழ்ச்சி.' நாள், நேரம், எத்தனை பேர், எங்கே படுப்பது, ஏன் இவர் வீடு, எல்லாம் ஆறே வரியில் வந்துவிட்டது. கடைசி வரியை விடாதீர்கள். இடம் தர முடியாதவர்கள் பலர் ஊரைச் சுற்றிக்காட்ட ஒத்துக்கொள்வது அதனால்தான்.

ஐந்து முதல் பத்து நாள் முன்னதாக எழுதுங்கள். ஒரு மாதம் முன்பு எழுதினால் அவருக்கே தன் வேலை நிலவரம் தெரிந்திருக்காது.

வீட்டுக்காரரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய குறிப்புகளில் நட்சத்திரங்களை எண்ண வேண்டாம், வாசகங்களைப் படியுங்கள். மோசமாக நடந்ததை வெளிப்படையாக எழுதப் பலர் தயங்குவார்கள். 'நல்ல மனிதர், வீடு சுத்தம்' என்று ஒட்டாமல் முடிந்த குறிப்பு நாலைந்து இருந்தால் யோசியுங்கள். பெண்களை மட்டுமே தங்கவைக்கும் ஆண், படுக்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்லாதவர் என்றால் 'தனி அறையா, தாழ்ப்பாள் உண்டா' என்று நேராகவே கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறார் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

வீட்டுக்குள் போனதும் முதல் அரை மணியில் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: காலை எத்தனை மணிக்கு அவர் வெளியே போகிறார், சாவி தருவாரா, குளியலறை எப்போது காலியாக இருக்கும். பலர் சாவி தர மாட்டார்கள். அவரோடு கிளம்பி அவர் திரும்பும்போது வருவதற்குத் தயாராக இருங்கள். ஒரு வேளை நீங்கள் சமைத்துப் போடுவது எந்தப் பரிசைவிடவும் நன்றாக எடுபடும். நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: சீனாவில் வெளிநாட்டவர் ஒரு வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் காவல் நிலையத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு வேண்டும். தங்கும் முன்பே இதை அவரிடம் பேசிவிடுங்கள்.

இனி சாலை. மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. உங்களை 200 மீட்டர் தொலைவில் பார்த்தாலும் ஓட்டுநருக்கு எட்டு விநாடிதான். அதற்குள் உங்கள் முகத்தைப் பார்த்து, நீங்கள் பிடித்திருக்கும் ஊர்ப்பெயர் அட்டையைப் படித்து, முடிவெடுத்து, பிரேக் போட வேண்டும். 50 கிலோமீட்டரில் வந்தால் பதினான்கு விநாடி. ஒருவர் மணிக்கணக்கில் நின்றும் வண்டி கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஆளில் குறையில்லை, நின்ற இடத்தில்தான் குறை. வண்டிகள் மெதுவாகும் ரவுண்டானா வெளிவாசல், ஊரெல்லையின் கடைசி சிக்னல், நெடுஞ்சாலையில் ஏறும் இணைப்புச் சாலையின் தொடக்கம், இவை நல்லவை. நீங்கள் நிற்குமிடத்தைத் தாண்டி இரண்டு மூன்று கார் ஒதுங்கும் அகலம் இருக்க வேண்டும். வளைவுக்குப் பின்னால் நிற்க வேண்டாம். ஊர் நடுவிலிருந்து கைகாட்டுவது நேர விரயம், உள்ளூர் பஸ்ஸில் எல்லைக்குப் போய்விடுங்கள். லிஃப்ட் கேட்டுப் பயணிப்பவர்களுக்கான ஹிட்ச்விக்கி இணையதளத்தில் பல ஊர்களுக்கு எந்த இடத்தில் நிற்கலாம் என்ற குறிப்புகள் இருக்கின்றன.

ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் நடந்துபோய் நிற்பதே சட்டவிரோதம். அங்கே எரிபொருள் நிலையம்தான் வழி. வண்டி எண் பலகையின் முதல் எழுத்துகளே அது எந்த ஊரில் பதிவானது என்று காட்டும் ('எம்' மியூனிக், 'பி' பெர்லின்), போகும் திசையை ஓரளவு ஊகித்து நேரில் போய்க் கேட்கலாம். கேட்டு ஏறுவதில் இன்னொரு நன்மை, ஆளை நின்று பார்த்துப் பேசித் தேர்ந்தெடுப்பது நீங்கள்.

அட்டையில் கடைசி ஊரை எழுதாதீர்கள். 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெயரைப் பார்ப்பவர் 'நான் அவ்வளவு தூரம் போகவில்லை' என்று தாண்டிவிடுவார். அடுத்த 50, 100 கிலோமீட்டரில் உள்ள பெரிய ஊரைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், கண் தெரிய வேண்டும். லிஃப்ட் கேட்கக் கட்டைவிரலை உயர்த்தும் சைகைக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. ஈரானில் மரபாக அது வசை, இஸ்ரேலில் சுட்டுவிரலால் சாலையைக் காட்டுவார்கள். ருமேனியா போன்ற நாடுகளில் ஓட்டுநர் சிறு தொகை எதிர்பார்ப்பது வழக்கம். ஏறும் முன்பே பேசிக்கொண்டால் இறங்கும்போது மனக்கசப்பு இல்லை.

வண்டி நின்றதும் உங்கள் ஊரைச் சொல்லாமல், 'நீங்கள் எங்கே போகிறீர்கள்?' என்று முதலில் கேளுங்கள். அந்தப் பதிலின் நேரத்தில் மது வாடை, பின்சீட்டில் எத்தனை பேர், பேச்சின் தொனி எல்லாம் தெரிந்துவிடும். ஒப்பவில்லை என்றால் 'என் வழி வேறு' என்று சொல்லி விலகலாம். ஏறுவதானால் வண்டி எண்ணைப் படம் எடுத்து ஒருவருக்கு அனுப்புங்கள், ஓட்டுநருக்குத் தெரியும்படியே. பை டிக்கியில் வேண்டாம், மடியிலோ காலடியிலோ இருக்கட்டும். கடவுச்சீட்டும் போனும் உடம்போடு. நடுவில் இறங்க வேண்டுமென்றால் 'வாந்தி வருகிறது' என்று சொல்லுங்கள். சீட்டைக் காப்பாற்றவாவது எவரும் நிறுத்துவார்கள்.

இறக்கிவிடும் இடத்தையும் நீங்களே சொல்லுங்கள். அன்போடு ஊருக்குள் கொண்டுபோய் விடுகிறேன் என்பார்கள், அல்லது இரண்டு நெடுஞ்சாலை பிரியும் சந்திப்பில் இறக்குவார்கள். முதலாவதில் வெளியேறவே இரண்டு மணி நேரம் போகும், இரண்டாவதில் எந்த வண்டியும் நிற்க முடியாது. 'நீங்கள் திரும்புவதற்கு முன்னால் வரும் கடைசி பெட்ரோல் பங்க்கில் விடுங்கள்' என்று ஏறிய ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள், அவர் மறந்தாலும் வரைபடத்தை நீங்கள் பார்த்துக்கொண்டே வாருங்கள்.