கறவை மாட்டை இப்பவே விக்க வேண்டாங்க

கோபிச்செட்டிபாளையத்துப் பக்கமிருந்து பையனோடு வந்திருந்த அண்ணனுக்கு,

பையன் ஹாக்கியில் கோல்கீப்பராக ஆடுவதைப் பற்றிப் பேசும்போது, "ஓட மாட்டாதவனைத்தானுங்க கோல்ல நிறுத்துவாங்க?" என்று கேட்டீர்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முன்னால் சொல்ல வேண்டாமென்றுதான் இதை எழுதுகிறேன்.

எதிரணிக்குப் பெனால்டி கார்னர் என்ற வாய்ப்புக் கிடைத்தால், கோலுக்கு முன்னாலிருக்கும் வட்டத்தின் விளிம்பிலிருந்து பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் வரும். கோல்கீப்பருக்குக் கிடைப்பது அரை வினாடி. காக்க வேண்டியது 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். காலில் பேடு, பாதத்தில் கிக்கர் என்ற கவசம், நெஞ்சில் கவசம், தலையில் ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு நம்ம ஊர் பங்குனி வெயிலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஓடுகிறவன் தேவலை என்பீர்கள்.

இந்திய அணியின் கோல்கீப்பராக இருந்த ஸ்ரீஜேஷும் கேரள விளையாட்டுப் பள்ளிக்கு ஹாக்கி ஆடப் போனவரில்லை; ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று சுற்றிவிட்டுத்தான் கோலுக்கு வந்தார். 2012 லண்டன் முதல் 2024 பாரிஸ் வரை நான்கு ஒலிம்பிக், டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம். கடைசிப் போட்டியின்போது வயது 36. அவருக்குக் கிட் வாங்க அப்பா மாட்டை விற்ற கதையைப் பையன் உங்களிடம் சொல்லியிருக்கிறான், அதனால்தான் நீங்களும் கறவை மாட்டைப் பற்றிப் பேசினீர்கள். வேண்டாங்க. இந்த வருசம் பள்ளிக்கூடத்துக் கிட் போதும். வளர்கிற பையன், பேடு அடுத்த வருசமே சின்னதாகிவிடும்.

கசப்பான கணக்கு ஒன்று இருக்கிறது. ஒலிம்பிக் அணியில் 16 பேர்; அதில் கோல்கீப்பருக்குப் பெரும்பாலும் ஒரே இடம். பாரிஸில் இன்னொரு கோல்கீப்பர் கிருஷன் பாதக் மாற்று வீரராகத்தான் இருந்தார், அவ்வளவு திறமை இருந்தும். ஆகவே பிளஸ் டூவை விடக் கூடாது. மாநில அளவில் ஆடினாலே கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு முயலலாம். அதற்கு மேல் ஆடினால் ரயில்வே, காவல்துறை இருக்கின்றன. தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் உண்டு. சான்றிதழ்களைப் பத்திரமாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அன்றைக்கு மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்தீர்களே, அப்படி வேண்டாம்.

இதுவரை அவன் ஆடியது மண் தரையில்தான். செயற்கைத் தரையில் பந்து வேறு மாதிரி வரும். கோவில்பட்டி அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். கிரிக்கெட் என்றால் இதற்குள் போயிருப்பீர்கள், கோவிச்சுக்காதீங்க.

அடுத்த முறை வரும்போது வீட்டு அம்மணியையும் கூட்டிட்டு வாங்க. ஹாஸ்டல் என்றதும் பையன் அவர் பெயரைத்தான் சொன்னான்.