பார்வை 4 மைல் இருந்தும் டவர் ஏன் விடவில்லை?

கேள்வி: சொந்த ஊர் திருச்சி. ஃபுளோரிடாவில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டு, கமர்ஷியலுக்காகத் தனியாக ஓட்டி மணிநேரம் சேர்க்கிறேன். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க அனுமதிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இன்னும் இல்லை. போன வாரம் காலையில் ரன்வேக்கு ஓட்டிச் செல்ல டவரிடம் அனுமதி கேட்டபோது, "ஃபீல்ட் ஐ.எஃப்.ஆர்., சே இன்டென்ஷன்ஸ்" (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் வானிலை, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்) என்றார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். மெட்டாரில் (விமான நிலைய வானிலை அறிக்கை) '4எஸ்எம் பிகேஎன்009'. 3 மைல் போதும் என்றுதானே படித்தேன்? என்னைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட், "ஸ்பெஷல் (மோசமான வானிலையில் போகத் தனி அனுமதி) கேட்டுப் போய்விடு, ஒரு நாளை வீணாக்காதே" என்கிறார். கேட்கலாமா?

பதில்: அந்த மெட்டாரிலேயே விடை இருக்கிறது, நீங்கள் 4 மைலோடு படிப்பதை நிறுத்திவிட்டீர்கள். அடுத்து வரும் பிகேஎன்009 என்றால், பாதி வானத்துக்கு மேல் மூடிய மேகம் தரையிலிருந்து 900 அடியில் நிற்கிறது என்று பொருள். அதுதான் சீலிங். உங்கள் கிளாஸ் டி போலத் தரைவரை இறங்கும் கட்டுப்பாட்டு வான்வெளியில் சீலிங் 1000 அடிக்குக் கீழே போய்விட்டால், பார்வை 10 மைல் இருந்தாலும் சாதாரண வி.எஃப்.ஆர். (வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பது) கிடையாது. 3 மைலும் வேண்டும், 1000 அடியும் வேண்டும். அதே 900 அடியில் எஸ்சிடி (பாதி வானத்துக்கு மேல் மூடாத, சிதறிய மேகம்) என்று போட்டிருந்தால் அது சீலிங் ஆகாது. ஆனால் மேகத்திலிருந்து மேலே 1000, கீழே 500, பக்கவாட்டில் 2000 அடி விலகும் விதி அப்போதும் உண்டு.

இந்த எண்களை '3 செஸ்னா 152' (3 மைல், பிறகு 1000, 500, 2000 அடி) என்று மனப்பாடம் செய்ய வைத்துத் தேர்வில் டிக் அடிக்க விடுகிறார்களே தவிர, ஒரு மெட்டாரைக் கையில் கொடுத்து "இன்று போவாயா?" என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் தீராத எரிச்சல். நாளைக்கே ஊர் திரும்பி இந்திய விமானத்துறையான டி.ஜி.சி.ஏ. தேர்வுக்கு உட்கார்ந்தால் பார்வை 5 கிலோமீட்டர், சீலிங் 1500 அடி என்று வேறு பட்டியல், மறுபடி மனப்பாடம். மேகத்திலிருந்து எதற்கு இந்த இடைவெளி என்று தெரிந்தால் மறக்காது: மேகத்துக்குள்ளிருந்து 250 நாட் வேகத்தில் ஒரு விமானம் வெளியே வந்தால் 2000 அடியை 5 நொடிக்குள் கடந்துவிடும். அந்த நொடிகளுக்குள் நீங்கள் ஒருவரையொருவர் பார்த்து விலகியாக வேண்டும்.

சரி, ஸ்பெஷல் வி.எஃப்.ஆர். அது சட்டப்படி இருக்கிற வழிதான். பார்வை 1 மைல், மேகத்தைத் தொடாமல் பறக்க வேண்டும், டவர் மூலம் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். டவர் தானாக இதைச் சொல்லாது, நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். "சே இன்டென்ஷன்ஸ்" என்றது அதனால்தான். கேட்டாலும் ஐ.எஃப்.ஆர். விமானங்கள் போன பிறகுதான் உங்கள் முறை. ஆனால் ஏஜென்ட் சொல்லாத ஒன்று: குறைந்தபட்ச உயர விதியை இந்தக் கிளியரன்ஸ் தள்ளுபடி செய்யாது. ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, ஊருக்கு மேலே பறந்தால் பக்கத்திலுள்ள உயர்ந்த கட்டடத்துக்கும் மேல் 1000 அடி இருக்க வேண்டும். மேகமே 900-ல் நிற்கும்போது அந்த 1000-க்கு எங்கே போவீர்கள்? அப்புறம், கிளாஸ் டி எல்லையைத் தாண்டிய நொடியில் அந்த அனுமதி செல்லாது, வெளியே உள்ள விதிக்கு நீங்களே பொறுப்பு.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் விடியற்காலை ஸ்லாட் எடுக்கிற பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை ஸ்பெஷல் வேண்டுமானால் உங்களிடம் நடப்பிலுள்ள இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருக்க வேண்டும், விமானமும் ஐ.எஃப்.ஆர். கருவிகளோடு இருக்க வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லையென்றாலும் ஆகாது. இங்கே இரவு என்பது லாக்புக்கில் இரவு நேரம் எழுதும் அந்திக் கணக்கு அல்ல, பயணிகளை ஏற்றுவதற்கான 1 மணிநேரக் கணக்கும் அல்ல. உதயத்துக்குப் 10 நிமிடம் முன்பு கிழக்கே நன்றாக வெளுத்திருக்கும், ரன்வே முனை பளிச்சென்று தெரியும், ஆனாலும் உங்களுக்கு அது இரவுதான். கைக்கடிகாரத்தைப் பாருங்கள், வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். 200 மணிநேரத்துக்கும் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, இத்தனை மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொன்னவருக்கு மேகம் ஒரு இடைஞ்சல், அவ்வளவுதான். ஏதாவது ஆனால் அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ., விமானத்துக்குப் பொறுப்பான பைலட் (பைலட் இன் கமாண்ட்) ஆன உங்களைத்தான் கேட்கும், சென்னையில் இருக்கிற அவரை யாரும் கேட்கப்போவதில்லை. அவருக்கு இனி மொத்தமாக எதுவும் அனுப்பாதீர்கள். பள்ளியில் உங்கள் பெயரில் எவ்வளவு பாக்கி இருக்கிறது, பறக்காத மணிநேரத்துக்கு எவ்வளவு திரும்ப வரும் என்று பள்ளியிடமே எழுத்தில் வாங்குங்கள்.

அன்றைக்கு நீங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தது சரிதான். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை முதலில் முடித்துவிட்டு மீதி மணிநேரத்தைச் சேர்க்க முடியுமா என்று இந்த வாரமே உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் பேசுங்கள்.