மரமில் முன்னோடிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடும்பத்தோடு பிரிஸ்பேனில் வசிக்கிறேன். என் மகனுக்குப் பள்ளியில் குயின்ஸ்லாந்தின் முன்னோடிக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவன் எடுத்துக்கொண்டது வில்லியம் பெட்டிக்ரூவை. நீங்களும் முன்பு உங்கள் தளத்தில் அவருடைய மர அறுவை மில்லைப் பற்றி எழுதி, அவருடைய உழைப்பின் மீது மரியாதை உண்டு என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. பிறர் நிலத்துக் காட்டை வெட்டி விற்றவரை எதற்காக மதிக்க வேண்டும்? நாங்கள் பார்த்த நினைவுப் பலகைகளில் எல்லாம், யாருமே இல்லாத காட்டுக்குள் இவர்கள் போய் ஊரை உண்டாக்கியதுபோல எழுதியிருக்கிறது. மகனிடம் நான் என்ன சொல்ல?

அன்புடன்,
ஒரு வாசகி, பிரிஸ்பேன்

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் உறுத்தல் நியாயமானது. ஆனால் அந்தப் பலகையைப் பெட்டிக்ரூ படித்திருந்தால் அவரே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். காடு காலியாக இருந்தது என்பது பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை. முதல் தலைமுறை மரமில்காரர்களுக்கு அங்கே யார் இருந்தார்கள் என்பது நன்றாகவே தெரியும். அந்தப் பூர்வகுடி மக்கள் வழி காட்டாமல் ஒரு மரத்தைக்கூட அவர்களால் கண்டுபிடித்திருக்க முடியாது.

பெட்டிக்ரூ ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர்காரர், 1825இல் பிறந்தவர். நில அளவை படித்தவர். ஜான் டன்மோர் லாங் என்ற பாதிரியார் ஏற்பாடு செய்த 'ஃபார்டிட்யூட்' கப்பலில் 1849 ஜனவரியில் மோர்ட்டன் விரிகுடாவில் வந்து இறங்கினார். உங்கள் ஊரின் ஃபார்டிட்யூட் வேலி அந்தக் கப்பலின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. வந்தவர்களுக்கு நிலம் கிடைக்கும் என்று லாங் சொல்லி அழைத்து வந்திருந்தார். அரசாங்கம் அப்படி எந்த உத்தரவும் இல்லை என்று கைவிரித்துவிட்டது. அளக்க நிலமில்லாத அளவையாளர் வேறு வேலை தேடினார். முதலில் ஸ்டீஃபன் சிம்ப்சன் என்ற நில ஆணையரிடம் வேலை பார்த்தார், அப்புறம் ஜேம்ஸ் வார்னர் என்ற அளவையாளருக்கு உதவியாளரானார்.

1853இல் பிரிஸ்பேன் ஆற்றங்கரையில், வில்லியம் தெருவில், நீராவியால் ஓடும் மரமில்லைத் தொடங்கினார். குயின்ஸ்லாந்தில் அதுதான் முதலாவது. அதுவரை மரம் அறுத்த முறையை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். தரையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதன் மேல் கட்டையைக் கிடத்துவார்கள். ஒருவர் கட்டையின் மேல் நிற்பார், ஒருவர் குழிக்குள். இருவரும் நீண்ட ரம்பத்தை மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். குழிக்குள் நிற்பவரின் கண்ணிலும் வாயிலும் நாள் முழுக்க மரத்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். நீராவி மில் வந்ததும் அந்த மரத்தூளும் கழிவுக் கட்டைகளுமே கொதிகலனுக்கு எரிபொருளாயின. பிரிஸ்பேனின் பழைய மரவீடுகளுக்கான பலகைகள் இப்படிப்பட்ட மில்களிலிருந்து வந்தவைதான்.

மில் வேகமாக அறுக்கும், ஆனால் அதற்குத் தீனி வேண்டுமே. ஊருக்கு அருகில் இருந்த நல்ல மரங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிரிஸ்பேனுக்கு வடக்கே, இன்றைய சன்ஷைன் கோஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைகளில் புன்யா மரங்கள் உண்டு. அதன் காய் ஒன்றே 10 கிலோ வரை கனக்கும். ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அமோகமாகக் காய்க்கும்போது, அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் தொலைதூரத்து இனக்குழுக்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி அழைப்பார்கள். விருந்து, வழக்குத் தீர்ப்பு, திருமணப் பேச்சு எல்லாம் அங்கே நடக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் உரிமைக்காரர் இருந்தார். அப்பாவிடமிருந்து மகனுக்கு அந்த உரிமை போனது. இதையெல்லாம் பதிவு செய்தவர் டாம் பெட்ரி. பிரிஸ்பேன் கைதிக் குடியிருப்பாக இருந்த காலத்தில், 1837இல், அவருடைய தந்தை ஆண்ட்ரூ பெட்ரி கட்டட வேலைகளின் மேற்பார்வையாளராக அங்கே வந்தார். சிறுவன் டாம் அந்த மண்ணின் பிள்ளைகளோடு விளையாடி அவர்கள் மொழியைத் தாய்மொழிபோலப் பேசினான். பதினான்கு வயது வாக்கில் அவர்களோடு புன்யா விருந்துக்கும் போய் வந்தான்.

ஆண்ட்ரூ பெட்ரி போன்றவர்கள் எடுத்துச் சொன்னதால், 1842இல் அப்போது அந்தப் பகுதியை ஆண்ட நியூ சவுத் வேல்ஸின் ஆளுநர் கிப்ஸ் ஓர் ஆணை போட்டார். புன்யா மரம் வளரும் பகுதியில் குடியேறவோ மரம் வெட்டவோ யாருக்கும் உரிமம் கிடையாது. அதே 1842இல்தான் அந்த மலைகளுக்கு அந்தப் பக்கம் கில்காய் பண்ணையில் விஷம் கலந்த மாவைத் தின்று பூர்வகுடிகள் பலர் செத்தார்கள் என்ற செய்தியும் வெளியே வந்தது. ஆணையால் எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் பதினெட்டு ஆண்டுகள் அது நின்றது. 1859இல் குயின்ஸ்லாந்து தனிக் காலனியானது. 1860இல் அதன் முதல் நாடாளுமன்றம், காலி அரசு நிலங்களுக்கான சட்டம் ஒன்றைப் போட்டு அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டது. கோபப்பட வேண்டும் என்றால் என் கோபம் முதலில் இந்தச் சட்டத்தின் மேல்தான். கோடரி அதற்குப் பிறகுதான் வந்தது.

1862இல் பெட்டிக்ரூ மூலூலா, மரூச்சி ஆற்றுப் பக்கம் மரம் தேடிப் போனார். கூட்டிக்கொண்டு போனவர் டாம் பெட்ரி. அவர்கள் இருவருக்கும் வழி காட்டியவர்கள் அந்த மண்ணின் ஆட்கள். செஞ்சிடார், பைன், பீச் என்று மரம் குவிந்து கிடந்தது. (செஞ்சிடார் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சந்தன வேம்பேதான்.) டாம் பெட்ரி பூர்வகுடி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே சிடார் வெட்டினார். ஒருவருடைய கட்டை மற்றவருடையதோடு கலக்காமலிருக்க, அதன் முனையில் முத்திரை அடிப்பது வழக்கம். பெட்ரியின் ஆட்கள் தங்கள் கையிலும் அவருடைய 'பி' எழுத்தைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பெட்ரியின் நினைவுகளை அவருடைய மகள் எழுதி 1904இல் வெளியிட்ட நூலில் இது வருகிறது. நேட்டிவ் போலீஸ் என்ற குதிரைப்படை பூர்வகுடிகளைச் சுட்டுத் தள்ளிய காலம் அது. நான் ஒரு வெள்ளைக்காரரின் ஆள் என்று காட்ட ஓர் அடையாளம் கையில் இருந்தால் உயிர் தப்பலாம் என்று நினைத்திருப்பார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சொந்தக் காட்டில் நடக்க இன்னொருவர் முத்திரை தேவைப்பட்டது. இதைப் படித்த நாளிலிருந்து இந்த இடத்தை என்னால் தாண்டிப் போக முடிந்ததில்லை.

சரி, உழைப்புக்கு வருவோம். மரூச்சி ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு ஆபத்தானது, கப்பல் தட்டிவிடும். அதனால் கட்டைகளைக் காளைகளை விட்டுக் கடற்கரையோரமாக மூலூலா முகத்துவாரத்துக்கு இழுத்துப் போனார்கள். அங்கே பெட்டிக்ரூ கிடங்கு வைத்திருந்தார். அங்கிருந்து கப்பலில் பிரிஸ்பேன். ஒரு பெரிய கட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு ஜோடிக் காளை வேண்டும். சிடாரும் பைனும் மிதக்கும், எனவே ஓடைக்கரையில் அடுக்கி வைத்து மழைக்குக் காத்திருந்து, வெள்ளம் வந்ததும் உருட்டிவிடுவார்கள். கனமான யூகலிப்டஸ் வகைகள் மூழ்கிவிடும். அவற்றை மிதக்கும் கட்டைகளோடு சங்கிலியால் பிணைத்துத்தான் கொண்டுவர வேண்டும். மழை பொய்த்தால் பல மாதப் பணம் கரையிலேயே கிடக்கும். அதிகமாகப் பெய்தால் கடலுக்குப் போய்விடும்.

மேரிபரோ அருகே மேரி ஆற்றங்கரையில் டண்டாத்து என்ற இடத்தில் இரண்டாவது மில். அங்கே கூட்டாளி வில்லியம் சிம், குடும்பத்தோடு மில்லை ஒட்டியே வசித்தார். கௌரி பைன் மரத்துக்காகக் கூலூலா காட்டுக்குள் மரத் தண்டவாளம் போட்டு, 1873இல் 'மேரி ஆன்' என்ற ரயில் எஞ்சினை ஓடவிட்டார்கள். குயின்ஸ்லாந்திலேயே செய்யப்பட்ட முதல் எஞ்சின் அது, மேரிபரோவின் ஜான் வாக்கர் பட்டறையில் உருவானது. கூட்டாளிகள் இருவரின் மகள்களுடைய பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர். அதே ஆண்டிலேயே சிம் அந்தக் காட்டில் கட்டை உருண்டு நசுங்கிச் செத்தார். எஞ்சினின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சிம்மின் மனைவி மக்கள் பட்ட பாட்டைப் பற்றி எந்தப் பலகையும் பேசுவதில்லை. நான் மதிப்பதாகச் சொன்னது இந்த உழைப்பை. அதை இப்போதும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பெட்டிக்ரூ 1870இல் பிரிஸ்பேன் மேயரானார், பிறகு மேலவையிலும் இருந்தார். 1893 பிப்ரவரி வெள்ளம் விக்டோரியா பாலத்தையே அடித்துப் போனது. அதே ஆண்டு வங்கிகளும் கவிழ்ந்தன. அந்த அடியிலிருந்து அவருடைய தொழில் மீளவில்லை. 1906இல் இறந்தார். அவர் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர். அதனால்தான் இன்றைக்கு அவரைப் பற்றி இவ்வளவு பேச முடிகிறது. அவரோடு காட்டுக்குள் நடந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

உங்கள் மகன் பெட்டிக்ரூவைப் பற்றியே எழுதட்டும், மாற்ற வேண்டாம். 1853இல் தொடங்காமல் 1842 ஆணையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 1862 பயணத்தை எழுதும்போது, யார் யாரை அழைத்துப் போனார்கள் என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். குழிக்குள் ரம்பம் இழுத்தவரும் சிம்மின் குடும்பமும் கையில் 'பி' போட்டுக்கொண்டவர்களும் அதே கட்டுரையில் வரட்டும். 2024இல் கூட்டாட்சி நீதிமன்றம் சன்ஷைன் கோஸ்ட் பகுதியில் கபி கபி மக்களின் பூர்வீக நில உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்திருக்கிறது. அதையும் கடைசியில் சேர்க்கலாம். முன்னோடி என்று தலைப்பு கொடுத்துவிட்டு ஏன் இதையெல்லாம் எழுதினாய் என்று ஆசிரியர் கேட்டால், பெட்டிக்ரூவுக்கே முன்னால் நடந்தவர்கள் இவர்கள் என்று அவன் சொல்லலாம். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள், படிக்க ஆசைப்படுகிறேன்.

அன்புடன்