பழங்குடியினர் நிதிக்குத் தனிச்சட்டம் வந்தால் பணம் மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேருமா?

"பழங்குடியினர் துணைத்திட்டம் என்று தனி நிதி ஏற்கெனவே இருக்கிறதே, அதற்கு மாநிலங்கள் சட்டம் வேறு போடுவதால் என்ன மாறும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறும், ஆனால் சட்டத்தின் உட்பிரிவுகளைப் பொறுத்து. அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இப்படியொரு சட்டம் கையில் கிடைத்தால் எதைச் 'செலவு' என்று ஏற்கிறார்கள், மிச்சப் பணம் என்ன ஆகிறது என்ற இரண்டு இடங்களைத்தான் முதலில் தேடுவேன்.

துணைத்திட்டம் தொடங்கியது ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தில், 1974-75 வாக்கில். மக்கள்தொகையில் பழங்குடியினருக்கு உள்ள பங்கு அளவுக்குத் திட்டச் செலவிலும் ஒதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அது நெடுங்காலம் வெறும் வழிகாட்டுதலாகவே இருந்தது. பட்ஜெட்டில் தொகை இருக்கும். நிதியாண்டு முடியும் மார்ச் வந்தால் 'சரண்டர்' ஆகிவிடும், அதாவது செலவாகாமல் அரசுக்கே திரும்பிவிடும், இல்லையென்றால் வேறு வேலைக்குப் போய்விடும். இதற்குச் சட்டத்தால் அணை போட்ட முதல் மாநிலம் ஒன்றுபட்ட ஆந்திரம், 2013-இல். அந்தச் சட்டத்துக்கே பத்தாண்டுதான் ஆயுள் வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

தெலங்கானா 2017-இல் கொண்டுவந்த சட்டம், செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வழி செய்தது. இந்த ஓர் உட்பிரிவு மற்ற பத்துக்குச் சமம் என்பேன். மலையில் ஒரு வேலை நடக்க வேண்டுமானால் மழை ஓய வேண்டும், வனத்துறை அனுமதி வர வேண்டும், ஒப்பந்தக்காரர் மேலே ஏறச் சம்மதிக்க வேண்டும். அதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும். காலாவதி விதி அங்கே சோம்பேறி அதிகாரியைத் தண்டிப்பதில்லை, அந்த ஊரைத்தான் தண்டிக்கிறது.

கர்நாடகம் 2013-இல் போட்ட சட்டத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இருவருக்கும் சேர்த்து 24.1 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். கூடவே 7(டி) என்றொரு பிரிவு. பெரிய சாலை, பாலம் போன்ற பிரிக்க முடியாத பணிகளில் ஒரு பங்கை இந்த மக்களுக்குச் செலவழித்ததாகவே கருதிக்கொள்ளலாம்! ரோட்டில் எல்லோரும்தானே நடக்கிறார்கள் என்ற நியாயம். எதிர்ப்புக்குப் பிறகு 2023-இல் அதை நீக்கினார்கள். ஆனால் தேர்தல் வாக்குறுதியாக அறிவித்த 'கேரண்டி' நலத்திட்டங்களுக்கு இதே நிதியிலிருந்து எடுத்ததாகச் சர்ச்சை கிளம்பியது. பயனாளிகளில் இந்த மக்களும் இருக்கிறார்களே என்றது அரசு. சட்டம் இருந்தும் வாதம் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது.

தமிழ்நாட்டுச் சட்டம் 2024-இல் வந்தது. எனக்கு இங்கே உள்ள கவலை வேறு. 2011 கணக்கெடுப்புப்படி நம் பழங்குடியினர் ஏறத்தாழ 8 லட்சம், மக்கள்தொகையில் 1.1 சதவீதம். கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை, நீலகிரி என்று சிதறி வாழ்கிறார்கள். சமவெளியில் ஒரு கிலோமீட்டர் சாலைக்கு ஆகும் செலவும் மலையில் ஆகும் செலவும் ஒன்றா? தலைக்கணக்குப்படி பங்கு பிரித்தால் அது நேர்மையாகத் தெரியும், ஆனால் போதாது. அதைக் கீழ்வரம்பாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தைப் படிக்க நேரமில்லை என்றால், துறைவாரியாகச் செலவைக் காட்டும் பட்ஜெட் ஆவணமான மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் 796 என்ற சிறுதலைப்பை (கணக்குத் தலைப்பு எண்ணை) தேடுங்கள். பழங்குடியினர் பகுதித் துணைத்திட்டத்துக்கு உள்ள எண் அது. பட்ஜெட் மதிப்பீட்டோடு நின்றுவிடாமல், திருத்திய மதிப்பீட்டையும், பிறகு வரும் உண்மைச் செலவுக் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.