பழைய பயத்தை எல்லாம் விட்டுட்டு நம்ம இலக்கை நோக்கிப் போறது எப்படி?

கேள்விய பாத்துட்டு பேசாம போயிருக்கலாம், ஆனா அந்த "விட்டுட்டு"ங்கிற வார்த்தை குத்திருச்சு. பயம் என்ன செருப்பாங்க, வாசல்ல கழட்டி விட்டுட்டு உள்ள போறதுக்கு?

கேட்டவங்க அநேகமா ஏற்கனவே ஒரு தடவ நல்லா அடி வாங்குனவங்களா இருப்பீங்க. கடை வச்சு கைய சுட்டிருப்பீங்க, இல்ல பரீட்சைல கோட்ட விட்டிருப்பீங்க, இப்ப மறுபடி ஆரம்பிக்கலாம்னா கை நடுங்குது. அப்படி இல்லன்னா மன்னிச்சுக்குங்க, நான் அப்படி நெனச்சுக்கிட்டுதான் எழுதுறேன். நான் டாக்டரும் இல்ல, மேடையில மைக் புடிச்சு தன்னம்பிக்கை பேசுறவளும் இல்ல. தென்னங்கன்னு விக்கிறேன்.

எங்க ஊரு பேராவூரணி பக்கம். டெல்டாதான். கும்பகோணத்துக்காரங்க எங்க தோப்ப பாத்துட்டு "இதெல்லாம் டெல்டாவா?"ன்னு கேப்பாங்க, கேட்டுட்டுப் போறாங்க. மேட்டூர் டேம் வந்த 1934லதான் கல்லணைக் கால்வாயும் வந்துச்சு, எங்க ஆளுங்க இன்னமும் அத புது ஆறுன்னுதான் சொல்லுவாங்க, 90 வருசம் தாண்டியும் அது புதுசுதான். அந்த ஆத்தோட கடைமடை நாங்க. மேட்டூர்ல ஜூன் 12 தொறந்தாலும் எங்க வாய்க்காலுக்கு தண்ணி வந்து சேர்றதுக்குள்ள நாத்து முத்திப் போவும், சில வருசம் வந்து சேரவே சேராது. அதனால என் மாமனார் நெல்ல விட்டுட்டு 2 ஏக்கர்ல தென்னை வச்சாரு. 140 மரம்.

2018 நவம்பர் 15 ராத்திரி. கஜா. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையக் கடக்கும்னு டிவில சொன்னாங்க, நமக்கு மழையோட போவும்னு நெனச்சு சப்பாத்தி போட்டு சாப்பிட்டுப் படுத்தோம். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. நானு, அத்தை, 6 வயசு ஒண்ணு 3 வயசு ஒண்ணு. ஓட்டு வீடு, அடுப்படி மட்டும் காங்கிரீட். நடு ராத்திரிக்கு மேல ஓடு ஒவ்வொண்ணா பறக்க ஆரம்பிச்சதும் நாலு பேரும் அடுப்படி மேடைக்குக் கீழ சிலிண்டர நவுத்திட்டு உள்ள பூந்துட்டோம். மரம் முறியிற சத்தம் படார் படார்னு வெடி போட்ட மாதிரி. மொதல்ல எண்ணுனேன். 30க்கு மேல எண்ண முடியல. வடக்க இருந்து அடிச்ச காத்து திடீர்னு நின்னுச்சு, அத்தை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு மாட்ட அவுத்து விட ஓடுனாங்க, நான் கத்துறேன் காதுல வாங்கல. கயித்த அவுத்துட்டு அவங்க நெலப்படி தாண்டவும் தெக்க இருந்து அடுத்த காத்து வரவும் சரியா இருந்துச்சு. கொட்டகை போன இடம் தெரியல.

விடிஞ்சப்போ கதவத் தொறந்தா மெயின்ரோடு தெரியுது. கல்யாணம் ஆகி வந்த 9 வருசத்துல எங்க வீட்டு வாசல்ல இருந்து அந்த ரோட்ட நான் பாத்ததே இல்ல, அம்புட்டு மரம் நடுவுல. பஸ் ஸ்டாப்பு, டீக்கடை போர்டு எல்லாம் தெரியுது. அத்தை அழுவல, திண்ணையில உக்காந்து "ரோடு இம்புட்டு கிட்டயா இருக்கு"ன்னாங்க. 140ல நின்னது 11.

28 நாள் கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் வச்சவர்ட்ட காசு குடுத்து போன் சார்ஜ் போட்டு வீட்டுக்காரர்ட்ட பேசுனேன். நிவாரணம் மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 வந்துச்சு, கெடச்சதுக்கு நன்றி, கொற சொல்லல. ஆனா நல்லா காய்க்கிற மரம்னா வருசத்துக்கு 100 காய் வரும், கணக்கு நீங்களே போட்டுக்குங்க. விழுந்த மரத்த வாங்க ஆளே இல்ல, மாசக்கணக்கா கெடந்து உளுத்து அதுல காண்டாமிருக வண்டு பெருகி, தப்பிச்ச மரத்து குருத்தையும் கொடைய ஆரம்பிச்சது. அது தனிக் கதை.

பயம்னு சொன்னா புயல் பயம்னு நெனப்பீங்க. எனக்கு ஃபேன் பயம். சீலிங் ஃபேன மூணுக்கு மேல வச்சா அந்த 'ஊ'ங்கிற சத்தம் வரும், உடனே வயித்தக் கலக்கும். சித்திரை வெயில்லயும் ரெண்டுலதான் வைப்பேன், புள்ளைங்க வேர்வையில நெளியும். ஆடிக் காத்துக்கு கதவு அடிச்சா எந்திரிச்சு உக்காந்துருவேன். வீட்டுக்காரர் "பணம் அனுப்புறேன், கன்னு வாங்கி வை"ன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டாரு. வச்சு, 6, 7 வருசம் தண்ணி ஊத்தி, காய்க்கிற நேரத்துல இன்னொண்ணு வந்தா? முட்டிக்கு மேல வளர்ற எதையும் இந்த மண்ணுல வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். உளுந்து, கடலை, அவ்வளவுதான்.

2020ல நிவர் வருதுன்னு சொன்னதும் புள்ளைங்களத் தூக்கிட்டு ஒரத்தநாட்டுல அண்ணன் வீட்டுக்கு ஓடிட்டேன். அது புதுச்சேரிப் பக்கம் போயிருச்சு, எங்க ஊருல ஒரு கீத்து கூட விழல. திரும்பி வந்தா பஸ் ஸ்டாப்புலயே "என்ன புள்ள, பையத் தூக்கிட்டியா, அடுத்த புயலு எப்ப?"ன்னு கிண்டல். இன்னிக்கும் எனக்கு அதான் பட்டப்பேரு, எழுத மாட்டேன்.

இலக்குன்னு கேட்டீங்கல்ல. நான் பாட்டனி படிச்சவ. கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு நாத்துப்பண்ணை வைக்கணும்னு ஆசை. கஜாவுக்கு அப்புறம் அந்த ஆசைய நெனச்சாலே சிரிப்பா வரும், மரத்தப் பாத்தா பயப்படுறவ கன்னு வளக்கப் போறாளாம்.

எனக்கு தைரியம் வந்து ஆரம்பிக்கல. கோவம் வந்துச்சு. ஊரு பூரா லாரில கன்னு கொண்டாந்து எறக்குனாங்க, குட்டை நெட்டை ஒட்டு ரகம், மூணே வருசத்துல பாளைன்னு சொல்லி ஒண்ணு 150, 200ன்னு வித்தாங்க. எங்க பக்கத்து தோப்பு பெரியப்பா 60 கன்னு வாங்குனாரு. நான் போயி பாத்தேன். கழுத்து பென்சில் கனம், இலை பிரியவே இல்ல, தேங்கா மண்டியில மொளச்சுக் கெடந்தத பொறுக்கிட்டு வந்த மாதிரி. "ஏமாத்திட்டானுவ பெரியப்பா"ன்னேன். "நீ என்னத்த கண்ட, உனக்கு காத்தடிச்சாலே ஆவாது"ன்னாரு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, காத்துனால இல்ல.

வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு ரெண்டு தடவ போயி கேட்டேன். எங்க தோப்புல நின்ன 11ம் புயலையே தாங்குன மரம், இதுலயே வெத எடுக்கலாம்னு பெருமையா சொன்னா, "நின்னதுனாலயே நல்ல மரம்னு இல்லம்மா, பக்கத்து மரம் மறைச்சும் நின்னுருக்கும், காய்ப்பப் பாருங்க"ன்னு சொன்னாங்க. பாத்ததுல 4 மரம்தான் தேறுச்சு. 11, 12 மாசம் முத்துன கொலைய கயித்துல கட்டி எறக்கணும், தொப்புன்னு போட்டா உள்ள அடிபடும். அதுக்கு மரம் ஏறுறவர் கூட காசு கேட்டாரு, குடுத்தேன். வெளியிலயும் நல்ல தோப்பா பாத்து வாங்கி மொத்தம் 400 காய், நிழல்ல மணல்ல போட்டு வச்சிருந்து, ஒரு அடிக்கு ஒண்ணா பாத்தியில பதிச்சேன். அஞ்சு மாசத்துக்குள்ள மொளைக்காதத தூக்கிப் போட்டுரணும், எனக்கு 240 தேறுச்சு. அதுலயும் கழுத்து பருமனா, இலை சீக்கிரம் பிரிஞ்சதா பாத்து கழிச்சா 190.

அதுக்கு மேல ஷேட் நெட், நிழலுக்குக் கட்டுற வலை. 2021 ஆடி. ராத்திரி 2 மணி இருக்கும், காத்துல நெட்டு படபடபடன்னு அடிக்க ஆரம்பிச்சது பாருங்க, ஓடு பறந்த அதே சத்தம். அடுப்படிக்குள்ள போயி நின்னுட்டேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அப்புறம் ஒரு மூலை கிழியிற சத்தம் கேட்டுச்சு, 3,800 ரூவா நெட்டு அது. டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போயிட்டேன், பாதி தூரம் போனதுக்கு அப்புறம்தான் வெளியில நிக்கிறதே தெரிஞ்சுச்சு, முட்டி ரெண்டும் தந்தி அடிக்குது. கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிறேன், காத்து என்னையும் சேத்து இழுக்குது. அத்தை திண்ணையில இருந்து "ஏண்டி இழுத்துக்கிட்டு நிக்கிற, அவுத்து விடுடி, கீழ கெடக்கட்டும்"னு கத்துனாங்க. பல்லால கடிச்சு முடிச்ச அவுத்தேன். நாலு மூலையும். நெட்டு துணி மாதிரி கன்னு மேல படுத்துக்கிச்சு, சத்தம் நின்னுருச்சு.

இதுல ஒண்ணும் வீரம் இல்ல, 3,800 ரூவா போச்சேன்னுதான் போனேன். பயம் போயிருச்சான்னு கேட்டா போவல. அடுத்த காத்துக்கும் முட்டி ஆடுச்சு, ஆனா எந்த முடிச்ச மொதல்ல அவுக்கணும்னு தெரிஞ்சிருந்துச்சு.

"புருஷன் வெளிநாட்டுல, ரெண்டு ஏக்கர் நெலம், உனக்கென்ன"ன்னு யாராச்சும் சொல்லுவீங்க. சரிதான், நெலமில்லாம கூலிக்குப் போறவங்களுக்கு என் கதைய பொருத்த முடியாது. நானும் பொருத்தச் சொல்லல.

பணம்னதும் ஞாபகம் வருது. பெருசாக்க பணம் வேணும்னு ஆடியில மொய் விருந்து வச்சோம். வெளியூர்க்காரங்களுக்கு: எங்க பக்கம் கறி விருந்து போட்டு மொய் வாங்குவோம், வட்டி கெடையாது, அவங்க வைக்கும்போது நாம திருப்பி செய்யணும், எல்லாம் நோட்டுல இருக்கும். நாலஞ்சு வருசமா ஊரு ஊரா போயி மொய் எழுதுனது யாரு? நான். வெயில்ல பஸ் மாறி, மண்டபத்துல வரிசைல நின்னு. பத்திரிகை அடிச்சு வந்தத பாத்தா சிங்கப்பூர்ல இருக்கிற அவரு பேரு பெருசா, மாமனார் பேரு, கொழுந்தனார் பேரு, கீழ "மற்றும் குடும்பத்தார்கள்". அந்த "மற்றும்" நானு. இத கேட்டதுக்கு "எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறாங்க"ன்னு பதில். 5,000 எழுதுன எடத்துல 3,000 திருப்பி எழுதுனவங்கள கூட மன்னிச்சிருவேன், அந்த பத்திரிகைய மன்னிக்க மாட்டேன். பண்ணை போர்டுல என் பேருதான் இருக்கு, அவரு பேரு இல்ல, வந்தப்போ பாத்துட்டு ஒண்ணும் சொல்லல.

சரி, கேள்விக்கு சம்பந்தம் இல்லாம போயிட்டேன். பெரியப்பா அந்த 60ல 40ஐ பிடுங்கிட்டு போன வருசம் எங்கிட்ட வாங்குனாரு. காசு இன்னும் பாக்கி. எங்க தோப்புலயும் 90 கன்னு வச்சிருக்கேன், மொதல்ல வச்சது என் தலைக்கு மேல போயிருச்சு, மெயின்ரோட்டுல டீக்கடை போர்டு மட்டும் மறஞ்சிருக்கு. ஃபேன் இன்னமும் ரெண்டுலதான், பெரியவன் தனி ரூம்ல தனி ஃபேன் வேணும்னு கேக்குறான்.

தயவுசெஞ்சு இன்பாக்ஸ்ல கன்னு கேக்காதீங்க, தை வரைக்கும் சொல்லி வச்சவங்களுக்கே பத்தாது.