யார் வீட்டுச் சோளம்?

கேள்வி: ஆளரவமற்ற காட்டில் போய் இறங்கிய ஆங்கிலேயர்கள், உழைப்பையும் துணிச்சலையும் மட்டுமே நம்பி அமெரிக்காவில் எப்படித்தான் தாக்குப்பிடித்தார்கள்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆளரவமற்ற காடா? 1607 மே மாதம் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் கோட்டையைக் கட்டியபோது, சுற்றிலும் பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடித் தலைவருக்குக் கட்டுப்பட்ட ஆயிரக்கணக்கானோர் மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வடக்கே 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் குடியேறிய பிளிமத்தும் காடல்ல. கொள்ளைநோயில் ஊரே அழிந்துபோன பட்டுக்ஸெட் மக்களின் வயல்வெளி அது.

அடுத்து, உழைப்பு. ஜேம்ஸ்டவுனுக்கு முதலில் வந்த 104 பேரில் கணிசமானோர் மண்வெட்டி பிடித்தே அறியாத கனவான்கள். விதைக்கிற வேலையை விட்டுத் தங்கம் தேடினார்கள். லண்டனுக்குக் கப்பலேற்றிய ‘தங்கம்’ வெறும் மினுங்கும் மண். இடம் பார்த்த லட்சணமோ, சதுப்பு நிலம், உப்புக் கரிக்கும் ஆற்றுத் தண்ணீர்! செப்டம்பருக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றியது பவ்ஹாட்டன் மக்கள் கொண்டுவந்து கொடுத்த சோளம்தான். பிறகு குடியேறியவர்களின் தலைவர்களில் ஒருவரான ஜான் ஸ்மித் செம்புத் தகடும் பாசிமணியும் கொடுத்துச் சோளம் வாங்கினார். கொடுக்க மறுத்த ஊர்களில் துப்பாக்கியைக் காட்டினார். அந்த ஊர்க்காரர்களுக்கே பற்றாக்குறை. 1606 முதல் 1612 வரை அங்கே கடும் வறட்சி என்பதை மர வளையங்களை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள்.

கடைசியில் தலைவர் பவ்ஹாட்டன், ஜேம்ஸ்டவுன் கோட்டையை முற்றுகையிட்டார். 1609–10 குளிர்காலத்தில் உள்ளே இருந்தவர்கள் குதிரை, நாய், எலி, செருப்புத்தோல் என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்தார்கள். 2012-ல் அங்கே தோண்டியெடுத்த 14 வயதுச் சிறுமியின் மண்டையோட்டில் கத்தி வெட்டுகள் இருந்தன. அவள் உடலையும் தின்றிருக்கிறார்கள். சுமார் 300 பேரில் 60 பேர்தான் மிஞ்சினார்கள். 1610 ஜூனில் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறியும் விட்டார்கள்! ஆற்றைத் தாண்டுவதற்குள் புதிய ஆளுநர் டெலவேர் பிரபு ஆட்களோடும் உணவோடும் எதிரே வந்துவிட்டதால்தான் திரும்பினார்கள். உங்கள் ‘துணிச்சல்’ அந்தளவில்தான் இருந்தது.

பிழைத்தது குடியேற்றம், குடியேறியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1624 வரை 6,000 பேருக்கு மேல் வந்திறங்கியும், கடைசியில் அங்கே இருந்தவர்கள் சுமார் 1,200 பேர். சாகச் சாக, குடியேற்றத்தை நடத்திய லண்டன் கம்பெனி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தது. குடியேறியவர்களில் ஒருவரான ஜான் ரால்ஃப் பயிரிட்ட புகையிலை 1614-ல் லண்டன் போய்க் காசாகத் தொடங்கியதும் நிலப்பசி பிடித்துக்கொண்டது. 1619-ல் ஆப்பிரிக்கர்களையும் பிடித்துவந்து இறக்கினார்கள். நிலத்தை இழந்துகொண்டே வந்த பவ்ஹாட்டன் மக்கள் 1622-ல் திருப்பித் தாக்கி 347 பேரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் கப்பல்கள் வந்தன.