இணைப்பு போனாலும் முகவரி போகக் கூடாது

வாசகர் ஒருவரின் கேள்வி: “வீட்டு இணைய இணைப்போடு இலவசமாகக் கிடைத்த மின்னஞ்சல் முகவரியைத்தான் 15 ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். இப்போது வேறு நிறுவனத்துக்கு மாறப் போகிறேன். இணைப்பை ரத்து செய்த 30 நாளில் அஞ்சல் பெட்டியும் மூடப்படும் என்கிறார்கள். எந்தச் சேவைக்கு மாறலாம்? பழைய கடிதங்கள் என்ன ஆகும்?”

ரத்து விண்ணப்பத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால், சற்றுத் தள்ளி வையுங்கள். கடிதங்களை நகலெடுக்க 30 நாள் தாராளம். ஆனால் 15 ஆண்டுகளில் அந்த முகவரியை எங்கெங்கே கொடுத்தோம் என்று தேடிப் பிடிக்க அது போதாது. இரண்டு மூன்று மாதங்களாவது இரு முகவரிகளும் உயிரோடு இருக்கட்டும். சிறு கட்டணத்துக்கு அஞ்சல் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. உங்கள் நிறுவனத்திடமும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் மாறாமல் இருந்தாலும் இந்த நிலை ஒரு நாள் வந்திருக்கலாம். இணைப்பு விற்பவர்களுக்கு அஞ்சல் சேவை என்பது வருமானம் தராமல் புகாரை மட்டும் தரும் வேலை. அமெரிக்காவின் வெரைசன் 2017இல் அதைக் கைவிட்டது. பழைய முகவரி வேண்டும் என்றவர்கள் ஏஓஎல் என்ற அஞ்சல் சேவையின் பக்கம் போக வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் டிபிஜி குழுமம் 2023இல் தன் வாடிக்கையாளர்களின் பெட்டிகளை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

சேவையைத் தேர்ந்தெடுக்கும்முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடிதங்கள் வேறு, முகவரி வேறு. கடிதங்களை எங்கு வேண்டுமானாலும் நகலெடுத்து வைக்கலாம். முகவரி அப்படியல்ல, ‘@’ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயர் யாருடையதோ, முகவரியும் அவருடையது. வங்கியும் வரித்துறையும் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பை அந்த முகவரிக்குத்தான் அனுப்புகின்றன. அதனால் கடிதங்களை இழப்பதைவிட முகவரியை இழப்பதுதான் பெரிய நட்டம்.

என் பரிந்துரை சொந்த டொமைன், அதாவது ‘@’ குறிக்குப் பின்னால் வரும் பெயரையே உங்களுடையதாக்கிக்கொள்வது. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை செலுத்தி ஒரு பெயரைப் பதிவு செய்துகொள்கிறீர்கள். அந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை எந்தச் சேவை வாங்கி வைக்க வேண்டும் என்று எம்எக்ஸ் பதிவு என்ற ஓர் அமைப்பில் குறிப்பிடுகிறீர்கள். நாளை அந்தச் சேவை பிடிக்கவில்லையா? எம்எக்ஸ் பதிவை மாற்றினால் போதும். நண்பர்களுக்கு நீங்கள் மாறியதே தெரியாது.

இதிலும் ஆபத்து உண்டு. புதுப்பிக்க மறந்தால் சலுகைக் காலம் முடிந்ததும் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். வாங்குபவருக்கு உங்கள் கடிதங்கள் போகத் தொடங்கும். என் முதல் டொமைனைப் பதிவு செய்தபோது தொடர்பு முகவரியாக அதே டொமைனில் இருந்த முகவரியையே கொடுத்து வைத்தேன். பெயர் காலாவதியானதும் அஞ்சல் நின்றது. அஞ்சல் நின்றதால் எச்சரிக்கைக் கடிதமும் வரவில்லை. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டியவன் கதைதான். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனத்திடம் வேறொரு முகவரியைக் கொடுங்கள்.

இந்தத் தொந்தரவு வேண்டாம் என்றால் ஜிமெயிலோ அவுட்லுக்கோ போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எரிதங்களை, அதாவது கேட்காமலே வந்து குவியும் குப்பைக் கடிதங்களை, வடிகட்டுவதில் இருவரும் கெட்டிக்காரர்கள். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி, உங்கள் படங்களும் கோப்புகளும் சேர்ந்து பங்கிடும் இடம் என்பதை நினைவில் வையுங்கள். கைபேசிப் படங்கள் அதை நிரப்பிவிட்டால் கடிதம் வருவதும் நின்றுபோகும். கடிதங்களின் உள்ளடக்கத்தைப் பார்த்து விளம்பரம் காட்டுவதை நிறுத்துவதாக ஜிமெயில் 2017இல் அறிவித்தது. அந்தப் பழைய குற்றச்சாட்டை இன்னும் சுமத்த வேண்டியதில்லை. இலவசச் சேவையின் உண்மையான குறை வேறு: கணக்கு முடங்கினால் பேசுவதற்கு ஒரு மனிதர் கிடைப்பது அரிது. இரண்டு ஆண்டுகள் எட்டிப் பார்க்காத கணக்கை கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் நீக்கலாம் என்பதும் விதிகளில் இருக்கிறது. யாஹூ 2013இல் ஒரு படி மேலே போய், பயன்படுத்தாமல் கிடந்த பெயர்களை மற்றவர்களுக்கே வழங்கியது.

கட்டணச் சேவைகளில் ஃபாஸ்ட்மெயில் 1999 முதல் இருக்கிறது. அஞ்சல்தான் அதன் பிழைப்பு. சொந்த டொமைனோடு அதைச் சேர்ப்பது எளிது. ரகசியம் முக்கியம் என்பவர்கள் சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலையும் ஜெர்மனியின் டூட்டாவையும் நாடுகிறார்கள். இவற்றின் குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி கடிதத்தைப் பூட்டும் முறை) அனுப்புபவர் முதல் பெறுபவர் வரை காப்பது, பொதுவாக இரு தரப்பும் அதே சேவையில் இருக்கும்போதுதான். உங்கள் வங்கி அனுப்பும் கடிதம் சாதாரணமாகத்தான் வந்து சேரும், சேமிக்கும்போதுதான் பூட்டப்படும். மீட்புச் சொற்றொடரை எழுதி வைக்காமல் கடவுச்சொல்லையும் மறந்தால், பழைய கடிதங்களைப் புரோட்டானாலேயே திறக்க முடியாது. பாதுகாப்பின் விலை அது.

எந்தச் சேவையானாலும் ஐமேப் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரில் இருக்கும் கடிதங்களை வேறு செயலிகளிலிருந்தும் அணுக விடும் பொது முறை அது. அது இருந்தால் உங்களுக்கு விருப்பமான செயலியில் அஞ்சலைப் படிக்கலாம்; அதைவிட முக்கியம், மூட்டை கட்டி வெளியேறலாம். புரோட்டானில் இதற்குக் கட்டணத் திட்டமும் தனி மென்பொருளும் தேவை. டூட்டாவில் ஐமேப் கிடையாது. வெளியேறும் வாசல் தெரியாத வீட்டுக்குக் குடிபோக நான் தயங்குவேன்.

பழைய கடிதங்களை நகர்த்துவதும் இதே ஐமேப் வழியாகத்தான். தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் இரு கணக்குகளையும் சேர்த்து, கோப்புறைகளை ஒவ்வொன்றாக இங்கிருந்து அங்கே நகலெடுங்கள். அனுப்பிய கடிதங்களை மறக்காதீர்கள். பலர் மறப்பது அதைத்தான். இதுவரை பாப் முறையில், அதாவது கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறையில், படித்து வந்திருந்தால், கடிதங்கள் நிறுவனத்தின் சர்வரில் இல்லாமல் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கலாம். அப்படியென்றால் அந்தக் கணினியில் இருந்துதான் நகலெடுக்க வேண்டும். தொடர்பு எண்கள், முகவரிகளின் பட்டியலைத் தனியே ஏற்றுமதி செய்யுங்கள்.

பிறகு வருவதுதான் பொறுமை கேட்கும் வேலை. பழைய பெட்டியில் ‘கணக்கு’, ‘கடவுச்சொல்’, ‘ரசீது’, ‘சந்தா’ போன்ற சொற்களைத் தேடினால் எங்கெல்லாம் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பது தெரியவரும். வங்கி, வரி, காப்பீடு, கைபேசி ஆகியவை முதலில், கடைகள் பிறகு. முகவரியை மாற்றும்போது பல தளங்கள் பழைய முகவரிக்கும் ஒரு கடிதம் அனுப்பி உறுதி கேட்கும். அவசரப்பட வேண்டாம் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் வசதி) இயக்குங்கள். அதன் மீட்பு முகவரியாக, மூடப் போகும் பழைய முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய பெட்டிக்கு வருவதை எல்லாம் புதியதற்குத் திருப்பிவிட்டு, அவை தனிக் கோப்புறையில் விழும்படி ஒரு விதி போடுங்கள். அங்கே வந்து விழும் ஒவ்வொரு பயனுள்ள கடிதமும் நீங்கள் மாற்ற மறந்த ஒரு கணக்கு. சில வாரங்கள் தொடர்ந்து அங்கே எரிதம் மட்டுமே விழுந்தால், ரத்து விண்ணப்பத்தைக் கொடுக்கலாம்.